'மில்க்' திரைப்படமும் பிரதிநிதித்துவமும்: ஒரு திறனாய்வு நோக்கு

1

ஒரு மனிதனின் வாழ்க்கையை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்பது வாழ்க்கை வரலாற்றுக் கலையின் முதற்பெரும் வினாவாகும். பிறப்பிலிருந்து தொடங்கினால் அது வளர்ச்சியின் கதையாகின்றது. சாதனையிலிருந்து தொடங்கினால் புகழுரையாகின்றது. மரணத்திலிருந்து தொடங்கினாலோ தியாகத்தின் கதையாகிவிடுகின்றது. நடுகல் நாட்டி வீரரைப் போற்றிய காலந்தொட்டே தமிழர் இம்மூன்றாவது முறையுடன் நெருங்கிய பழக்கமுடையவர்கள். ஆகவே, 2008ஆம் ஆண்டு வெளியான 'மில்க்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் பொருளாற் புதிதாயினும், வடிவத்தால் தமிழ்ப் பார்வையாளருக்கு அந்நியமானதன்று.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காது தேர்தலில் நின்று பதவிபெற்ற முதல்வரான ஹார்வி மில்க்கின் இறுதி எட்டு ஆண்டுகளை இப்படம் சித்திரிக்கின்றது. கஸ் வான் சான்ட் நெறிப்படுத்த, டஸ்ரின் லான்ஸ் பிளாக் திரைக்கதை எழுத, ஷோன் பென் மில்க்காக நடித்துள்ளார். சிறந்த நடிகருக்கும் சிறந்த மூலத் திரைக்கதைக்குமான ஒஸ்கார் விருதுகள் இப்படத்திற்குக் கிடைத்தன. விருதுகளைக் கொண்டு ஒரு படத்தின் மதிப்பை அளவிடுதல் திறனாய்வாகாது. இங்கு ஆராயப்படுவது வேறு. இப்படத்தின் உள்ளடக்கம் பிரதிநிதித்துவம். அதன் சட்டகமோ தியாக மரணம். இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன. மக்கட் பிரதிநிதிகள் கொல்லப்பட்டதையும், தேர்தல் முறைமை மாறும்போது யார் பிரதிநிதியாவர் என்பதும் மாறுவதையும் கண்ட மட்டக்களப்பு வாவிக்கரைப் பார்வையாளர் இவ்விழுவிசையை எளிதில் உணரக்கூடியவர். அவ்விடத்திலிருந்து இப்படத்தை நோக்குவது பயனுடையது.

2

மில்க் 1930இல் நியூயோர்க் மாநிலத்திற் பிறந்தவர். கடற்படையில் பணியாற்றியவர், பாடசாலை ஆசிரியராக இருந்தவர், பின்னர் பங்குச்சந்தை நிறுவனத்தில் உழைத்தவர். 1964ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் பழைமைவாதியான பரி கோல்ட்வோட்டரை ஆதரித்தவர் என்பதும் கருதத்தக்கது. பிறவியிலேயே புரட்சியாளராக அவர் தோன்றவில்லை. 1972இல் சான் பிரான்சிஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்து, அடுத்த ஆண்டு கஸ்ட்ரோ வீதியிற் கமராக் கடையொன்றைத் திறந்தார். அக்கடையே அவரது அரசியல் அலுவலகமும் ஆயிற்று.

இத்திரைப்படத்தின் தலையாய சிறப்பு, அரசியலை உழைப்பாகக் காட்டுவதாகும். துண்டுப்பிரசுரம் அச்சிடுதல், வீதிமுனையில் நின்று கைகுலுக்குதல், தொலைபேசியில் ஆள்திரட்டுதல், தோல்விக்குப் பின் கணக்குப் பார்த்தல் முதலிய சிறுசிறு செயல்களால் படத்தின் முற்பகுதி நெய்யப்பட்டுள்ளது. 1973, 1975, 1976 ஆகிய ஆண்டுகளில் மில்க் மூன்று முறை தோற்றார். நான்காம் முறை, 1977 நவம்பரில், நகர மேற்பார்வையாளர் சபைக்குத் தெரிவானார். இத்தோல்விகளை வெற்றிக்கான படிக்கட்டுகள் என்று படம் இனிப்பாக்கவில்லை. ஒவ்வொரு தோல்வியும் அவரது இல்லற உறவில் ஏற்படுத்திய தேய்மானத்தையும் உடன் காட்டுகின்றது. ஜேம்ஸ் பிராங்கோ ஏற்றுள்ள ஸ்கொட் ஸ்மித் என்னும் துணைவர், ஓயாத தேர்தல் இரைச்சலைப் பொறுக்கவியலாது விலகும் பகுதி இவ்வகையிற் சிறப்பாக அமைந்துள்ளது.

மில்க்கின் கூட்டணி அரசியல் பற்றிய காட்சிகளும் குறிப்பிடத்தக்கன. கூர்ஸ் என்னும் பியர் நிறுவனத்திற்கெதிராகப் பாரவூர்திச் சாரதிகளின் தொழிற்சங்கம் புறக்கணிப்பு நடத்தியபோது, கஸ்ட்ரோ வட்டாரத்து மதுக்கடைகளை அப்புறக்கணிப்பில் மில்க் சேர்த்தார். பதிலாகத் தன்பாலீர்ப்பாளருக்குச் சாரதி வேலை வழங்குமாறு கோரினார். இது அறவுரையால் விளைந்த நட்பன்று. இரு ஒதுக்கப்பட்ட பகுதியினர் தத்தம் நலனை அறிந்து செய்துகொண்ட உடன்பாடு. அனுதாபத்தைக் கோரும் சிறுபான்மையினரை உலகத் திரை பலமுறை கண்டுள்ளது. பேரம்பேசும் சிறுபான்மையினரை இப்படம் காட்டுகின்றது. அவ்வகையில் இது பழைய இரக்கப் படங்களினின்றும் வேறுபட்டு நிற்கின்றது.

பேரத்தின் நிழற்பக்கமும் மறைக்கப்படவில்லை. சபையில் உடனிருந்த டான் வைட், தம் வட்டாரத்தில் இளைஞர் மனநல நிலையமொன்று அமைவதைத் தடுக்க மில்க்கின் ஆதரவை நாடினார். ஆதரவளிக்கும் நிலையிலிருந்த மில்க் பின்னர் மாறி வாக்களித்தார். கதைநாயகன் சொல் மாறிய இடத்தை மழுப்பாது காட்டியமை படத்தின் நேர்மைக்குச் சான்றாகும். ஜோஷ் புரோலின் நடித்த டான் வைட்டும் வெறும் கொடியவனாகத் தீட்டப்படவில்லை. மதிப்பிழந்துவிடுவோமோ என்னும் அச்சம் உள்ளே புளித்து நஞ்சாகும் ஒரு மனிதனாகவே அவர் தோன்றுகின்றார்.

3

எனினும், மூன்று முறை தோற்றவர் நான்காம் முறை எவ்வாறு வென்றார் என்னும் வினாவுக்குப் படம் தரும் விடை போதியதன்று. முகமழித்து, தலைமயிர் குறைத்து, நல்லாடை அணிந்து மில்க் தம்மை மாற்றிக்கொண்டதையும் அவரது விடாமுயற்சியையும் கமரா விரிவாகப் பின்தொடர்கின்றது. ஆனால் வெற்றிக்கு அடிப்படையான நிறுவனக் காரணம் சில உரையாடல்களில் கடந்து செல்கின்றது. 1973இலும் 1975இலும் மேற்பார்வையாளர்கள் நகர் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு தெரிவுசெய்யப்பட்டனர். 1976இல் வாக்காளர் அம்முறையை மாற்றினர். 1977இல் நகர் பதினொரு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஓர் உறுப்பினரைத் தெரிந்தது. நகர் முழுவதிலும் சிதறி வலுவிழந்திருந்த வாக்குகள் ஒரு வட்டாரத்திற் திரண்டபோது ஐந்தாம் வட்டாரம் மில்க்கை அனுப்பிற்று. அதே தேர்தலில் சீன அமெரிக்கரான கோர்டன் லாவும், கறுப்பினப் பெண்மணியான எல்லா ஹில் ஹச்சும் தெரிவாகினர்.

மட்டக்களப்பு வாசகருக்கு இச்செய்தி தேர்தற் புள்ளிவிபரமாக மட்டும் தோன்றாது. 1960 தொடக்கம் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியாக விளங்கியது. ஒரு நிலப்பரப்பில் அருகருகே வாழும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பாராளுமன்றத்தில் இடங்கிடைக்க இவ்வேற்பாடு வழிசெய்தது. மில்க் தெரிவான அதே 1977இல், ஜூலை மாதம், செ. இராசதுரையும் பரீத் மீராலெப்பையும் இத்தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. தொகுதிக் கணக்குகள் யாவும் மாறின. ஒரு சமூகத்தின் குரல் சபையில் ஒலிப்பதும் ஒலியாதொழிவதும் தலைவரின் நாவன்மையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. எல்லைக்கோட்டை எங்கே வரைவது, ஒருவருக்கு எத்தனை வாக்கு என்னும் விதிகளாலும் தீர்மானிக்கப்படுகின்றது. வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இவ்வுண்மை விளக்க வேண்டாதது.

இவ்விடத்தில் இன்னொன்றும் கூறவேண்டும். மில்க்கைத் தந்த வட்டார முறையே டான் வைட்டையும் தந்தது. தம் பழைய உழைப்பாளர் வட்டாரம் கையைவிட்டு நழுவுகின்றதென அஞ்சிய மக்களின் குரலாக எட்டாம் வட்டாரத்திலிருந்து அவர் வந்தார். ஆகவே அச்சபையில் நிகழ்ந்த மோதல், நல்லவர் ஒருவருக்கும் தீயவர் ஒருவருக்கும் இடைப்பட்டதாக மட்டுமன்றி, மாறிவரும் நகரின் இரு பகுதிகளுக்கு இடைப்பட்டதாகவும் இருந்தது. அக்கொலைகளின் பின், 1980இல் வட்டார முறை கைவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டிலேயே அது மீண்டது. தனிமனிதரின் உளப்போக்கில் ஆழ்ந்த திரைக்கதை இவ்வரலாற்றின் அகலத்தை எட்டவில்லை.

4

இனிப் படத்தின் சட்டகத்தை நோக்கலாம். 1977 நவம்பரில், தாம் கொல்லப்பட்டால் மட்டும் வெளியிடப்படவேண்டும் என்ற குறிப்புடன் மில்க் தமது எண்ணங்களை ஒலிநாடாவிற் பதிவுசெய்திருந்தார். சமையலறை மேசையருகே அமர்ந்து அவர் பேசும் காட்சியிலிருந்தே கதை விரிகின்றது. கொலைச் செய்தியும் தொடக்கத்திலேயே பார்வையாளருக்கு அறிவிக்கப்பட்டுவிடுகின்றது. கூத்தின் கட்டியகாரன் வரவிருக்கும் அரசனை அறிமுகஞ்செய்வதுபோல, இங்கே மரணமுற்றவரின் குரலே அவரது வாழ்க்கையை அறிமுகஞ்செய்கின்றது. இந்த உத்தி கதைக்கு ஒருமை தருகின்றது. அதேவேளை ஒரு விலையையும் கேட்கின்றது. ஒவ்வொரு கைகுலுக்கலும் ஒவ்வொரு நகைச்சுவையும் மரணத்தை நோக்கிய அடியாக மாறிவிடுவதால், வேறுவிதமாகவும் நடந்திருக்கலாம் என்ற உணர்வு மங்குகின்றது. அரசியல் என்பதோ வேறுவிதமாகவும் நடக்கலாம் என்பதன் மேலேயே எழுவது. 1978 நவம்பர் 27ஆம் நாள் மில்க்கும் மாநகர முதல்வர் ஜோர்ஜ் மொஸ்கோனியும் நகர மண்டபத்திற் சுட்டுக்கொல்லப்பட்டனர். பதவி துறந்த டான் வைட் அப்பதவியை மீளக்கேட்டு மறுக்கப்பட்டதன் விளைவு அது. அதில் விதி எதுவும் இருக்கவில்லை. ஆனால் சுடப்பட்ட மில்க்கின் கண்கள் சன்னலுக்கப்பால் ஓபரா மாளிகையைக் காணுமாறு அமைத்ததன் மூலம் படம் அதனை விதியாக்கிவிடுகின்றது.

அன்றிரவு பல்லாயிரவர் மெழுகுவர்த்தியேந்தி கஸ்ட்ரோவிலிருந்து நகர மண்டபம்வரை நடந்தனர். படத்தின் உச்சக்காட்சி அதுவே. நவம்பர் 27 என்னும் நாள் ஈழத்தமிழ்ப் பார்வையாளருக்கு மற்றொரு பொருளுடையது. 1989 முதல் அந்நாள் மாவீரர் நாளாகச் சுடரேற்றி நினைவுகூரப்பட்டு வந்துள்ளது. இருவேறு வரலாறுகள் ஒரு தேதியிற் சந்திப்பது தற்செயலே. அவற்றைச் சமப்படுத்துவது தவறாகும். எனினும், ஏற்றிய சுடரின் முன்னால் ஒரு சமூகம் எவ்வாறு நிற்கின்றது, துயரத்தின் ஒளியில் எவற்றைக் காண்கின்றது, எவற்றைக் காணாதுவிடுகின்றது என்னும் வினாவை அத்தற்செயல் எழுப்புகின்றது. இறந்தோரைப் போற்றுதல் வேண்டும். ஆனால் போற்றுதலே முழுச்செயலாகிவிடின், அவர்கள் உயிரோடிருந்தபோது செய்த வேலை நின்றுபோகும்.

மட்டக்களப்பிற்கு வேறொரு நினைவும் உண்டு. 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது, புனித மரியாள் பேராலயத்தில் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் 2021இல் விடுவிக்கப்பட்டனர். ஒரு பிரதிநிதியின் கொலையை அடுத்து வரும் ஆண்டுகள், விசாரணைகள், தீர்ப்புகள் ஆகியவையும் அக்கொலையின் வரலாற்றில் அடங்குவன என்பதை இப்பிரதேசம் அறியும். 'மில்க்' படமோ இவ்விடத்தில் மிகச் சுருங்குகின்றது. டான் வைட் கொலைக் குற்றத்திற்கன்றி, அதனிலும் குறைந்த குற்றத்திற்கே குற்றவாளியாகக் காணப்பட்டு, ஏழாண்டு எட்டு மாதத் தண்டனை பெற்றார். 1979 மே 21ஆம் நாள் அத்தீர்ப்பைக் கேட்ட மக்கள் நகர மண்டபத்தைத் தாக்கினர். இவையெல்லாம் படத்தின் இறுதியில் தோன்றும் எழுத்துகளில் அடங்கிவிடுகின்றன.

ரொப் எப்ஸ்டீன் 1984இல் ஆக்கிய 'ஹார்வி மில்க்கின் காலங்கள்' என்னும் ஆவணப்படத்துடன் ஒப்பிடுகையில் இக்குறை தெளிவாகின்றது. அதுவும் கொலை அறிவிப்புடனேயே தொடங்குகின்றது. ஆனால் மெழுகுவர்த்தி ஊர்வலத்தில் நின்றுவிடாது, வழக்கு, தீர்ப்பு, கலகம் என மேற்செல்கின்றது. இயந்திரத் தொழிலாளியான ஒரு தொழிற்சங்கவாதி, தொடக்கத்தில் மில்க்கை ஏற்கத் தயங்கிய தாம் எவ்வாறு மாறினார் என்பதைத் தம் வாயாற் கூறுகின்றார். ஒரு மனிதரின் மரணத்தால் அன்றி, அவரோடு சேர்ந்து வேலைசெய்ததால் மாறிய ஒருவரின் சாட்சியம் அது. ஷோன் பென்னின் நடிப்பு எத்துணைச் சிறந்ததாயினும் அத்தகைய சாட்சியத்தின் இடத்தை நிரப்பவியலாது.

5

வாழ்க்கை வரலாற்றுப் படத்தின் மற்றொரு இடர், இயக்கத்தை ஒருவரது உடலுக்குள் அடக்குவதாகும். இதற்குத் தக்க சான்று 1978ஆம் ஆண்டின் ஆறாம் முன்மொழிவு பற்றிய பகுதியாகும். தன்பாலீர்ப்பாளரையும், அவர்தம் உரிமையை ஆதரிப்போரையும் அரச பாடசாலை ஆசிரியப் பணியிலிருந்து நீக்க வழிசெய்யும் அம்முன்மொழிவை ஜோன் பிரிக்ஸ் என்னும் மாநில செனற்றர் கொண்டுவந்தார். தொலைக்காட்சி விவாதத்தில் மில்க்கோடு இணைந்து பிரிக்ஸை எதிர்த்தவர் சலி கியர்ஹார்ட் என்னும் பல்கலைக்கழக ஆசிரியை. ஆவணப்படத்தில் அவரது தெளிந்த வாதம் இடம்பெறுகின்றது. 2008ஆம் ஆண்டுப் படத்திலோ அவர் இல்லை. மில்க் தனித்து வாதிடுகின்றார். அலிசன் பில் ஏற்ற ஆன் குரொனன்பேர்க் என்னும் தேர்தல் முகாமையாளரைத் தவிர, இயக்கத்துப் பெண்கள் படத்தில் ஏறத்தாழ மறைந்தே போகின்றனர். ஆசிரியர் உரிமை பற்றிய போராட்டத்தில் ஓர் ஆசிரியையையே நீக்கியமை சிறு பிழையன்று. 1978 நவம்பர் 7இல் வாக்காளரில் ஏறத்தாழ 58 வீதத்தினர் அம்முன்மொழிவை நிராகரித்தனர். அத்தகைய வெற்றி ஒருவரது நாவன்மையால் மட்டும் வந்திருக்கவியலாது.

6

மில்க்கின் அரசியலது மையமாகப் படம் கொள்வது ஓர் அறிவுரையாகும்: தன்பாலீர்ப்பாளர் ஒவ்வொருவரும் பெற்றோரிடமும் நண்பரிடமும் உடன் உழைப்போரிடமும் தம்மை வெளிப்படுத்தவேண்டும், தெரிந்த முகத்தை எவரும் எளிதில் வெறுக்கமாட்டார். இவ்வறிவுரையின் ஆற்றலை ஐயுறுவதற்கில்லை. ஆயின் அதற்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது. படம் அதனை உணர்த்தவில்லை. வயதுவந்தோரிடையே உடன்பாட்டுடன் நிகழும் இத்தகைய உறவைக் குற்றமாகக் கொண்ட சட்டத்தைக் கலிபோர்ணியா 1975இலேயே நீக்கிவிட்டது. அதற்காக மாநில செனற்றில் உழைத்தவர்களுள் ஜோர்ஜ் மொஸ்கோனி முதன்மையானவர். மில்க்கோடு வீழ்ந்த அவரைப் படம் பெரும்பாலும் பின்னணியிலேயே நிறுத்திவிடுகின்றது.

இலங்கையின் நிலை வேறு. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்றவை. 1995இல் செய்யப்பட்ட திருத்தம் அவற்றை நீக்காது, பெண்களுக்கும் விரித்தது. அவற்றை மாற்றும் தனிநபர் சட்டமூலமொன்று அரசியலமைப்புக்கு முரணாகாதென உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. எனினும் 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது சட்டமாகியிருக்கவில்லை. இத்தகைய சூழலில் வெளிப்படுத்துக என்னும் அறிவுரையை அப்படியே பெயர்த்து நடுவதற்கில்லை.

சட்டத்திற்கு அப்பால் இல்லமும் உண்டு. மட்டக்களப்பின் தாய்வழிக் குடிமுறையில், வீடு பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்ல, மணமகன் மணமகளின் இல்லஞ்சென்று வாழ்வது வழக்கம். இவ்வமைப்பில் மணம் என்பது இருவரின் விருப்பம் மட்டுமன்று. வீடு, குடி, உரித்து ஆகியவற்றின் அச்சாணியுமாகும். மணஞ்செய்யாத ஆண் தனக்கென ஓர் இல்லத்தைப் பெறுதல் அரிது. மணத்தை மறுக்கும் பெண் தன் பெயரில் எழுந்த வீட்டின் பொருளையே வினாவுக்குள்ளாக்குகின்றாள். நியூயோர்க்கை விட்டு மேற்குக் கரைக்குச் சென்று புதிய வட்டாரமொன்றைக் கட்டிய மில்க்கின் சுதந்திரம், இடம்பெயரும் சுதந்திரத்தையும் கடையொன்று திறக்கும் வசதியையும் சார்ந்திருந்தது.

வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் பெண்பாத்திரங்களை ஆண்களே ஆடிவந்த மரபு இப்பிரதேசத்திற் பழையது. களரியில் அவ்வாட்டத்தைச் சபை உளமார ஏற்றது. ஆயின் விடிந்து உடுப்புக் களைந்த பின் அவ்வேற்பும் களையப்பட்டுவிடும். ஷோன் பென்னின் கூர்மையான நடிப்பைப் பாராட்டும் பார்வையாளரும் இதே எல்லையில் நின்றுவிடக்கூடும். கலையிற் காட்டும் தாராளம் வாழ்க்கையில் தானாகத் தொடர்வதில்லை. 2008 ஒக்ரோபர் 28இல் இப்படம் கஸ்ட்ரோ திரையரங்கில் முதன்முதற் காட்டப்பட்டது. அடுத்த வாரமே, நவம்பர் 4இல், கலிபோர்ணிய வாக்காளர் ஒருபால் திருமணத்தைத் தடைசெய்யும் எட்டாம் முன்மொழிவை நிறைவேற்றினர் என்பது இதற்குப் போதிய சான்றாகும்.

ஹன்சல் மேத்தாவின் 'அலிகார்' (2015) என்னும் இந்தித் திரைப்படத்தை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மராத்திப் பேராசிரியர் ராம்சந்திர சிராஸின் வாழ்க்கையை அது சொல்கின்றது. 2010 பெப்ரவரியில் கமராவுடன் அவரது வீட்டினுட் புகுந்தனர் சிலர். பல்கலைக்கழகம் அவரைப் பணியிடைநிறுத்தம் செய்தது. ஏப்ரல் முதலாம் நாள் அலகாபாத் மேல்நீதிமன்றம் அந்நடவடிக்கையை இடைநிறுத்தியது. சில நாட்களில் அவர் இறந்துகிடக்கக் காணப்பட்டார். மனோஜ் பாஜ்பாயி நடித்த அப்பேராசிரியர் தலைவரல்லர். எந்தப் பெயரையும் தமக்குச் சூட்டிக்கொள்ள விரும்பாதவர். இரவில் தனித்திருந்து பழைய பாடல் கேட்பவர். மில்க் கதவைத் திறந்து வீதிக்கு வந்தவர். சிராஸின் கதவோ பிறரால் உடைக்கப்பட்டது. பல்கலைக்கழகச் சமூகத்தினர் இவ்விரு படங்களையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும். வெளிப்படும் உரிமையும், வெளிப்படாதிருக்கும் உரிமையும் ஒரே நாணயத்தின் இருபக்கங்கள். முன்னையதை மட்டும் அறிந்த அரசியல் பின்னையதை இழந்தோரைக் காக்க இயலாது.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், 'மில்க்' உயர்ந்த நடிப்பும் தேர்ந்த படத்தொகுப்பும் கொண்ட, நேர்மையான திரைப்படம் என்பது பெறப்படும். தன்பாலீர்ப்பாளரைப் பரிதாபத்திற்குரியோராகவோ நகைப்பிற்குரியோராகவோ காட்டிய மரபை விடுத்து, வாக்குக் கேட்டு, வாக்குப் பெற்று, சட்டமியற்றிய குடிமக்களாக அது காட்டியது. அதன் குறை, அவ்வாழ்க்கையை மரணத்தின் வாயிலாகச் சொல்ல முற்பட்டதே. வட்டார எல்லை, தொழிற்சங்கம், உடன்நின்ற ஆசிரியை, மொஸ்கோனியின் சட்டத்திருத்தம் ஆகியன ஒளிகுன்ற, மெழுகுவர்த்திகள் மட்டும் ஒளிர்கின்றன.

சபையில் மில்க் அமர்ந்திருந்த காலம் பதினொரு மாதத்திற்கும் குறைவு. அக்காலத்துள் தன்பாலீர்ப்பாளருக்கு வேலையிலும் வீட்டிலும் பாகுபாடு காட்டுதலைத் தடைசெய்யும் நகரச் சட்டமும், வளர்ப்பு நாயின் கழிவை உரியவரே அகற்றவேண்டும் என்னும் சட்டமும் அவரது முயற்சியால் நிறைவேறின. இரண்டாவது சட்டம் நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் அதன் பொருள் ஆழமானது. ஒரு சமூகத்தின் பிரதிநிதியாக வந்தவர் நகரின் எல்லா நடைபாதைகளுக்கும் பொறுப்பானவரானார் என்பதை அது உணர்த்துகின்றது. ஒதுக்கப்பட்டோர் தமக்காக மட்டுமன்றி அனைவருக்காகவும் ஆளும் தகுதியுடையோர் என்பதே ஹார்வி மில்க் விட்டுச்சென்ற கருத்து. அக்கருத்து அவரது இறப்பில் பிறந்ததன்று. அவர் உயிரோடு செய்த வேலையிற் பிறந்தது.